நம் சிந்தனைக்கு: இளையோர்க்கு ஓர் இருக்கை



சென்ற மாதம் இந்நகரில் நடந்த தமிழர் கூட்டம் ஒன்றுக்கு நாம் சென்றிருந்தோம். ஆண்டு விழாவைப் பற்றியும் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பைப் பற்றியும் முடிவு செய்வதற்காகக் கூடிய கூட்டம் அது. பெரியவர்கள் பலர் பேசினர். பிறகு கடைசி வரிசையில் இருந்த கல்லூரி மாணவி ஒருத்தி எழுந்து நின்றாள். "வகுப்பை எப்படி நடத்தலாம் என்று எங்களையும் ஒருமுறை கேளுங்கள் ஐயா. இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் நாங்கள். எது புரிகிறது, எது புரியவில்லை என்று எங்களுக்குத்தானே தெரியும்?" என்றாள். தலைமை தாங்கிய பெரியவர் புன்னகையோடு, "முதலில் படிப்பை முடி அம்மா, பிறகு பேசலாம்" என்றார். அவையில் சிரிப்பு எழுந்தது. நாமும் சிரித்தோம் என்பதை ஒளிப்பானேன்? சற்று நேரத்தில் அவளும் அவளோடு வந்த நால்வரும் ஓசையின்றி எழுந்து சென்றுவிட்டனர்.

வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தச் சிரிப்பு நம்மை உறுத்தியது. பள்ளிமொழியைப் பற்றிப் பிள்ளைகள் சொன்ன சொல்லைக் கேட்க மறுத்ததனால் ஒரு நாடே பற்றி எரிந்த வரலாறு நம் நினைவுக்கு வந்தது. அங்கே நடந்ததையும் இங்கே நடந்ததையும் ஒரு தராசில் வைக்க முடியாது. அங்கே பிள்ளைகளை எதிர்கொண்டது துப்பாக்கி; இங்கே எதிர்கொண்டது வெறும் சிரிப்பு. ஆயினும் அந்த வரலாற்றில் நமக்குப் பாடம் ஒன்று இருக்கிறது. ஆதலால் இம்மாதம் தென்னாப்பிரிக்காவின் கதையைச் சொல்கிறோம்.

ஜோகன்னஸ்பர்க் நகருக்குத் தென்மேற்கே சொவெட்டோ என்ற பெரும் குடியிருப்பு உண்டு. நிறவெறி ஆட்சி நடந்த காலத்தில், நகரத்தில் உழைக்கும் கறுப்பின மக்கள் நகரத்திலே வாழக் கூடாது என்று ஒதுக்கி வைக்கப்பட்ட இடம் அது. விடியுமுன் பெற்றோர் புகைவண்டி ஏறி வெள்ளையர் வீடுகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் போய்விடுவர்; இருட்டியபின் திரும்புவர். அவர்களுடைய பிள்ளைகளின் கல்விக்கென 1953-ஆம் ஆண்டில் தனிச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. அச்சட்டத்தைக் கொண்டுவந்த அமைச்சர் வெர்வுர்ட், பயன்படுத்த வாய்ப்பே இல்லாத கறுப்பினப் பிள்ளைக்குக் கணக்குக் கற்பித்து என்ன பயன் என்று வெளிப்படையாகவே கேட்டவர். அடிமை வேலைக்கு ஆள் பழக்கும் கல்வி அது என்று சொன்னால் மிகையாகாது.

அந்தக் கல்வியின்மேல் 1974-இல் இன்னொரு சுமை ஏற்றப்பட்டது. பாடங்களில் ஒரு பாதியை ஆப்ரிக்கான்ஸ் மொழியிலேயே கற்பிக்க வேண்டும் என்று ஆணை பிறந்தது. ஆப்ரிக்கான்ஸ் ஆளும் வெள்ளையரின் மொழி, காவலரின் மொழி, அனுமதிச் சீட்டு எங்கே என்று தெருவில் நிறுத்திக் கேட்கும் அதிகாரியின் மொழி. ஆசிரியர்களிலேயே பலருக்கு அது சரிவரத் தெரியாது. தமக்கே வராத மொழியில் அவர்கள் கணக்கைச் சொல்லிக் கொடுக்க, அம்மொழி தெரியாத பிள்ளைகள் அதைக் கேட்டுத் தேர்வு எழுத வேண்டும்! பள்ளிக் குழுக்களில் இருந்த பெற்றோர் சிலர் இதை மறுத்துரைத்தனர். கேட்பாரில்லை. மற்றப் பெற்றோர்களோ, இருக்கிற பிழைப்பும் போய்விடுமே என்று அஞ்சி வாய்மூடி இருந்தனர். அவர்களைக் குறை கூற நாம் யார்?

பெரியவர்கள் பேசாத இடத்தில் பிள்ளைகள் பேசினர். 1976-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஆர்லண்டோ மேற்குப் பகுதியில் ஒரு பள்ளி மாணவர்கள் வகுப்புக்குச் செல்ல மறுத்தனர். ஜூன் 13-ஆம் நாள் பல பள்ளிகளின் மாணவர்கள் ஒரு மன்றத்தில் கூடினர். அக்கூட்டத்தில் ட்சியெட்சி மாஷினினி என்ற பத்தொன்பது வயது மாணவர், புதன்கிழமை ஊர்வலம் போவோம் என்றார். பலர் தாய் தந்தையரிடம் சொல்லாமலே ஜூன் 16-ஆம் நாள் காலையில் சீருடையோடு புறப்பட்டனர். அட்டைகளில் தம் கோரிக்கையை எழுதிப் பிடித்துக்கொண்டு, பாடிக்கொண்டே நடந்தனர். அமைதி குலையக் கூடாது என்று மாணவத் தலைவர்கள் முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். ஆர்லண்டோ மேற்கில் காவலர் வழிமறித்தனர். துப்பாக்கி வெடித்தது.

அன்று மாண்டவர்களுள் ஹெக்டர் பீட்டர்சன் என்ற சிறுவனுக்கு வயது பன்னிரண்டு. குருதி வழியும் அவன் உடலை ஓர் இளைஞன் கைகளில் ஏந்தி ஓட, சிறுவனின் தமக்கை அலறியபடி உடன் ஓடும் காட்சியைச் சாம் நிஜிமா என்ற செய்திப் படக்காரர் படம் பிடித்தார். அந்தப் படம் உலகமெங்கும் போயிற்று. மாலையில் வேலை முடிந்து புகைவண்டியில் திரும்பிய பெற்றோரை எதிர்கொண்டது புகை மண்டிய சொவெட்டோ. அடுத்த மாதங்களில் கலவரம் நாடெங்கும் பரவியது, நூற்றுக்கணக்கானோர் உயிரிழந்தனர். ஆப்ரிக்கான்ஸ் ஆணையை அரசு ஜூலை மாதத்திலேயே கைவிட்டது. ஒரு வகுப்பறையில் அமர்ந்து பேசித் தீர்த்திருக்கக்கூடிய செய்திக்கு எத்தனை பிள்ளைகளை விலை கொடுக்க வேண்டியிருந்தது!

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தத் துயரத்துக்குப் பின்னர்தான் பெரியவர்கள் பெற்றோர் சங்கம் ஒன்றை அமைத்து, மாணவர்களின் சார்பில் பேச முன்வந்தனர். பிள்ளைகள் முன்னே நடந்தார்கள். பெற்றோர் பின்னே வந்தார்கள். அப்படி வருவதற்கும் துணிவு வேண்டும் என்பதை மறுக்க முடியாது.

அந்த மாணவர்கள் பிறகு என்ன ஆனார்கள்? மாஷினினி நாட்டை விட்டுத் தப்பினார். அயல்நாடுகளில் அலைந்து, 1990-இல் கினி நாட்டில், விடுதலையின் வாயில் திறந்த அதே ஆண்டில், உயிர் நீத்தார். அவர் உடல்தான் சொவெட்டோவுக்குத் திரும்பியது. அவருடன் மாணவர் மன்றத்தில் இருந்த மர்ஃபி மொரோபே ராபன் தீவுச் சிறையில் அடைபட்டார். வெளியே வந்து 1983-இல் தோன்றிய ஐக்கிய மக்களாட்சி முன்னணியில் பணியாற்றினார். சுதந்திரத்துக்குப் பின், அரசின் வருவாயை மாநிலங்களுக்குப் பங்கிடுவது பற்றி ஆய்ந்து சொல்லும் நிதிக்குழுவின் தலைவரானார். தெருவில் முழக்கமிட்ட மாணவர் கணக்கேட்டின் முன் அமர்ந்தார். கறுப்பினப் பிள்ளைக்குக் கணக்கு எதற்கு என்ற கேள்விக்கு இதைவிட நல்ல விடை உண்டோ?

ஆனால் கதையை இனிப்பாக மட்டும் சொல்வது நேர்மையாகாது. கேட்பாரற்ற சினம் நெடுநாள் உள்ளே கிடந்தால் நஞ்சாகும். 1980-களில் குடியிருப்புகளில் இளைஞர் கூட்டங்கள் தாமே வழக்கு விசாரித்துத் தாமே தண்டனை வழங்கத் தொடங்கின. காட்டிக்கொடுத்தவன் என்று ஐயப்பட்டவனை உயிரோடு எரித்த கொடுமைகளும் நிகழ்ந்தன. 1985-இல் டுடூசா என்ற ஊரில் அவ்வாறு ஒருவனை எரிக்கக் கூட்டம் முனைந்தபோது, ஆயர் டெஸ்மண்ட் டூட்டூ கூட்டத்துக்குள் புகுந்து அவனை மீட்டார். நிறவெறியை எதிர்த்து ஓயாது குரல் கொடுத்தவர் அவர். ஆகையால்தான் தம் பக்கத்து இளைஞரைப் பார்த்து, இது கூடாது என்று சொல்லும் தகுதி அவருக்கு இருந்தது. இளைஞர் பக்கம் என்றும் நில்லாத பெரியவர், அவர்கள் வழி தவறும்போது மட்டும் அறிவுரை கூற வந்தால் யார் கேட்பார்?

1990 பிப்ரவரியில் நெல்சன் மண்டேலா விடுதலை பெற்றார். அத்துடன் அமைதி வந்துவிடவில்லை. 1990 முதல் 1994 வரை அரசியல் வன்முறையில் இறந்தவர் தொகை பதினாலாயிரத்துக்கு மேல் என்பர். கட்சிக்கும் கட்சிக்கும், விடுதிக்கும் தெருவுக்கும் பகை மூண்டிருந்தது. இந்நிலையில் 1991 செப்டம்பர் 14-ஆம் நாள் தேசிய அமைதி உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அதன் சிறப்பு மேலிடத்துக் கையெழுத்துகளில் இல்லை. ஊர்தோறும் அமைதிக் குழு என்ற ஏற்பாட்டில்தான் இருந்தது. இருநூறுக்கும் மேற்பட்ட ஊர்க் குழுக்கள் ஏற்பட்டன. எதிர்க்கட்சிக்காரரும் காவல் அதிகாரியும் பாதிரியாரும் வணிகரும் ஒரே மேசையைச் சுற்றி அமர வேண்டியதாயிற்று.

அவர்கள் பேசியவை பெரிய தத்துவங்கள் அல்ல. நாளைக்கு ஒரு சவ ஊர்வலம் போகிறது. அது எந்தத் தெரு வழியாகப் போகும்? எத்தனை மணிக்குத் தொடங்கும்? காவலர் எவ்வளவு தொலைவில் நிற்பர்? கூட்டத்தை ஒழுங்குபடுத்தும் தொண்டர் யார் யார்? இவற்றை முன்னாளே பேசி முடித்தார்கள். மறுநாள் அமைதிக் கண்காணிப்பாளர் என்ற தொண்டர்கள், ஆயுதமின்றி, இரு கூட்டங்களுக்கும் நடுவே போய் நின்றார்கள். கல்லெறிவதற்கு ஒரு கணத்துத் துணிவு போதும். கல்லெறிபவர்களுக்கு நடுவே வெறுங்கையோடு நிற்பதற்கு நாள்தோறும் துணிவு வேண்டும். வன்முறை முற்றிலும் ஓய்ந்ததா? இல்லை. 1992 ஜூனில் பொய்ப்பட்டோங் என்ற ஊரில் நாற்பதுக்கு மேற்பட்டோர் ஓர் இரவில் கொல்லப்பட்டனர். பேச்சு வார்த்தையே முறிந்தது. ஆயினும் அக்குழுக்கள் இல்லாவிடில் இன்னும் எத்தனை உயிர் போயிருக்குமோ! தடுக்கப்பட்ட கொலைகளை எண்ணிச் சொல்ல யாரால் முடியும்?

பேச்சு முறிந்த அந்நாளிலும் ஒரு நூலிழை அறுபடாமல் இருந்தது. ஆப்பிரிக்க தேசிய காங்கிரசின் சார்பில் சிரில் ராமபோசாவும் அரசின் சார்பில் ரூல்ஃப் மேயரும் ஒருவரோடொருவர் தொடர்பை விடவில்லை. ராமபோசா யார்? அவரும் மாணவர் இயக்கத்தில் வளர்ந்தவரே. 1974-இல் பல்கலைக்கழக மாணவராக இருந்தபோது பிடிபட்டுப் பதினொரு மாதம் தனிமைச் சிறையில் இருந்தார். 1976-இல் சொவெட்டோ எழுச்சிக்குப் பின் மீண்டும் சிறை. பிறகு சட்டம் படித்தார். 1982-இல் சுரங்கத் தொழிலாளர் சங்கத்தை அமைத்து, முதலாளிகளோடு கூலிக்காக மேசையில் அமர்ந்து பேசிப் பழகினார். அந்தப் பழக்கம் பின்னாளில் நாட்டுக்கு உதவியது. ஒருமுறை மீன் பிடிக்கச் சென்ற இடத்தில் மேயரின் விரலில் தூண்டில் முள் தைத்துவிட, ராமபோசாவே அதைப் பிடுங்கி எடுத்தார் என்பது அந்நாட்டில் பலரும் அறிந்த கதை. பகைவரென எதிரெதிரே அமர்ந்தவர்களுக்குள் நம்பிக்கை துளிர்த்தது இவ்வாறே.

1993 ஏப்ரல் 10-ஆம் நாள் இளைஞர்களின் பேரன்பைப் பெற்றிருந்த கிறிஸ் ஹானி தம் வீட்டு வாயிலில் சுட்டுக் கொல்லப்பட்டார். கொன்றவன் ஒரு வெள்ளையன். நாடு உள்நாட்டுப் போரின் விளிம்பில் நின்றது. அப்போது மண்டேலா குடியரசுத் தலைவர் அல்லர். எந்த அரசுப் பதவியும் அவரிடம் இல்லை. ஆயினும் தொலைக்காட்சியில் நாட்டு மக்களோடு பேசினார். கொன்றவன் வெள்ளையன்தான், ஆனால் அவன் வண்டியின் எண்ணைக் குறித்துக் கொடுத்து அவன் பிடிபட உதவியவரும் ஒரு வெள்ளைப் பெண்மணியே என்று எடுத்துக்காட்டினார். சினந்திருந்த இளைஞர்கள் அவர் சொல்லுக்கு இணங்கியது ஏன்? 1944-இல், இருபத்தைந்து வயதில், முதியவர்களின் தயக்கத்தைப் பொறாமல் காங்கிரசில் இளைஞர் அணியைத் தொடங்கியவர்களுள் மண்டேலாவும் ஒருவர். தாமும் ஒருகாலத்தில் பொறுமையிழந்த இளைஞராக இருந்ததை அவர் மறக்கவில்லை, இளைஞரும் மறக்கவில்லை. மறு ஆண்டு ஏப்ரல் 27-ஆம் நாள் எல்லா இனத்தவரும் வரிசையில் நின்று வாக்களித்தனர்.

புதிய அரசியல் சட்டத்தை வரைந்த பேரவைக்கு ராமபோசாவே தலைவர். 1996 டிசம்பர் 10-ஆம் நாள் ஷார்ப்வில்லில், 1960-இல் காவலரின் குண்டுகளுக்கு 69 பேர் பலியான அந்த ஊரில், மண்டேலா அச்சட்டத்தில் கையெழுத்திட்டார். மொழியின் பெயரால் பிள்ளைகள் குருதி சிந்திய நாடல்லவா? பதினொரு மொழிகள் ஆட்சிமொழிகள் என்று அச்சட்டம் கூறிற்று. 2023-இல் சைகை மொழியும் பன்னிரண்டாவதாகச் சேர்ந்தது. ஆப்ரிக்கான்சும் அவற்றுள் ஒன்று. திணித்தவர்களின் மொழியையும் அவர்கள் வெறுத்து ஒதுக்கவில்லை என்பது எண்ணி எண்ணிப் போற்றத்தக்கது.

இன்னொரு செய்தியைக் கேட்டால் நம் அன்பர்கள் வியப்பார்கள். அந்நாட்டுச் சமூகங்கள் வழங்கும் பிற மொழிகளுக்கும் மதிப்புத் தேடித்தர வேண்டும் என்று அச்சட்டத்தின் ஆறாம் பிரிவு விதிக்கிறது. அங்கே பெயர் சொல்லிக் குறிக்கப்பட்ட மொழிகளுள் நம் தமிழும் ஒன்று! இந்தப் பெருமை வெறுமனே வந்ததன்று. காந்தியடிகளின் அறப்போரில் சிறை சென்று, வெளிவந்ததும் 1909-இல் இறந்த சாமி நாகப்பனுக்கு வயது பதினெட்டு. 1914 பிப்ரவரியில், சிறையில் பற்றிய காய்ச்சலோடு விடுதலையாகி உயிர் விட்ட தில்லையாடி வள்ளியம்மைக்கு வயது பதினாறு. இருவரும் ஜோகன்னஸ்பர்க் மண்ணில் உறங்குகின்றனர். படிப்பை முடித்துவிட்டு வா அம்மா என்று வள்ளியம்மையிடம் யாரேனும் சொல்லியிருந்தால்?

தென்னாப்பிரிக்கா இன்று பொன்னுலகமாகிவிட்டது என்று நாம் கூறவில்லை. 15 முதல் 34 வரை வயதுள்ளோரில், வேலை செய்வோரும் தேடுவோருமாக உள்ளவர்களுள் வேலை தேடியும் கிடைக்காதவர் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல். 2012-இல் மாரிக்கானா சுரங்கத்தில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர் 34 பேர் காவலரால் சுடப்பட்டபோது, அச்சுரங்க நிறுவனத்தின் இயக்குநர்களுள் ஒருவராக இருந்தவர் அதே ராமபோசா. குற்றம் அவர்மேல் இல்லை என்று விசாரணைக் குழு சொன்னது. ஆனால் தொழிலாளர் நெஞ்சில் பட்ட புண் எளிதில் ஆறவில்லை. 2015-இல் கல்லூரிக் கட்டண உயர்வை எதிர்த்து மாணவர்கள் மீண்டும் வீதிக்கு வந்தனர், உயர்வு கைவிடப்பட்டது. 2018-இல் ராமபோசா குடியரசுத் தலைவரானார். 2024 தேர்தலிலோ அவர் கட்சி முப்பது ஆண்டுகளில் முதன்முறையாகப் பெரும்பான்மையை இழந்து, நூற்றுக்கு நாற்பது வாக்கோடு நின்றது. பிற கட்சிகளுடன் சேர்ந்தே ஆட்சி அமைக்க நேர்ந்தது. நேற்றைய இளைஞர் இன்றைய ஆட்சியாளராகி, இன்றைய இளைஞரின் குரலுக்குச் செவி சாய்க்காவிட்டால் வரலாறு மறுபடியும் வாயிற்கதவைத் தட்டும்.

இதை அக்கண்டத்தின் பிற நாடுகளும் உணரத் தொடங்கியுள்ளன. 2006-இல் ஆப்பிரிக்க ஒன்றியம் இளைஞர்க்கென ஒரு சாசனம் வகுத்தது. 2015 டிசம்பரில் ஐ.நா. பாதுகாப்பு அவை, அமைதிப் பணியில் இளைஞர்க்கு இடம் தர வேண்டும் என்று 2250-ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது. நைஜீரிய இளைஞர்கள் பல மாதம் பாடுபட்டு, 2018-இல் தம் நாட்டு அரசியல் சட்டத்தையே திருத்தச் செய்தனர். பிரதிநிதிகள் அவைக்கு நிற்கும் வயது முப்பதிலிருந்து இருபத்தைந்தாகவும், குடியரசுத் தலைவர் பதவிக்கு நிற்கும் வயது நாற்பதிலிருந்து முப்பத்தைந்தாகவும் குறைந்தது. இருக்கையைக் கேட்டார்கள்; பெற்றார்கள். கென்யாவிலோ 2024 ஜூனில் வரி உயர்வை எதிர்த்து இளைஞர் திரண்டபோது, உயிர்கள் போன பிறகே அம்மசோதா கைவிடப்பட்டது. முன்னாளே கேட்டிருக்கலாகாதா என்று இங்கும் கேட்கத் தோன்றுகிறது.

இனி நம் வீட்டுக்கு வருவோம். பிழைப்புக்காக ஊர் விட்டு வந்த நாம், நம் பிள்ளைகளுக்குத் தமிழைக் கொடுத்துப் போக வேண்டும் என்று தவிக்கிறோம். பணம் திரட்டுகிறோம், விழா எடுக்கிறோம், மேடையில் நாற்காலி போட்டு அமர்கிறோம். ஆனால் அந்த நாற்காலிகளில் முப்பது வயதுக்குக் குறைந்தவர் எத்தனை பேர்? கோலம் போடவும் பாட்டுப் பாடவும் பிள்ளைகளை அழைக்கிறோம்; முடிவு செய்ய அழைப்பதில்லை. பிறகு, இளைஞர்கள் வருவதில்லையே என்று குறைபட்டுக் கொள்கிறோம். அவர்கள் வந்தார்கள், நாம் சிரித்தோம், போய்விட்டார்கள். நம் பிள்ளைகள் ஊர்வலம் போகமாட்டார்கள். மெல்ல விலகிப் போவார்கள்; தமிழும் அவர்களோடு இவ்வீடுகளை விட்டு விலகிப் போகும். ஓசையின்றி நேரும் இழப்பு என்பதால் அது சிறிய இழப்பு ஆகிவிடாது.

எனவே ஒன்று சொல்ல விரும்புகிறோம். ஒவ்வொரு தமிழ்ச் சங்கத்தின் செயற்குழுவிலும் இருபத்தைந்து வயதுக்கு உட்பட்டோர்க்கு இரண்டு இடமாவது ஒதுக்குவோம், வாக்குரிமையோடு ஒதுக்குவோம். ஞாயிறு வகுப்பின் பாடத்திட்டத்தை ஆண்டுக்கொருமுறை அவர்களோடு அமர்ந்து பார்ப்போம். அவர்கள் சொல்வதெல்லாம் சரியாக இருக்க வேண்டுவதில்லை; நாம் சொல்வதெல்லாம் சரியாகவா இருக்கிறது? மேசையில் அமர்ந்து பேசவும், தோற்ற வாக்கெடுப்பைப் பொறுத்துக்கொள்ளவும், மாற்றுக் கருத்தினரோடு சேர்ந்து பணி செய்யவும் அமர்ந்தால்தானே பழக முடியும்?

அந்த மாணவியின் வீட்டு முகவரியை விசாரித்துப் பெற்றுக்கொண்டோம். வரும் ஞாயிறன்று சென்று அவள் பெற்றோர் முன்னிலையில் அவளிடம் நம் வருத்தத்தைத் தெரிவித்துவிட்டு, வகுப்பைப் பற்றி அவள் சொல்ல வந்ததை முழுதும் கேட்டு வருவதாக இருக்கிறோம். அவள் சொல்வதை அடுத்த இதழில், அவள் இசைந்தால், அவள் சொற்களிலேயே வெளியிடுவோம்.